லென்கோ ஜி.எல். 75: உறுமல், வேகத் தடுமாற்றம், எதிலிருந்து தொடங்குவது?

மதுரை_தட்டு

வணக்கம். இங்கிலாந்தில் விற்ற கோல்ட்ரிங் லென்கோ ஜி.எல். 75 இசைத்தட்டு பிளேயர் ஒன்று பழைய சாமான் கடையில் கிடைத்தது. வெளியே பார்க்க நன்றாக இருக்கிறது, பிளாட்டரில் (இசைத்தட்டை வைக்கும் சுழல்தட்டு) துரு இல்லை. மோட்டார் ஓடுகிறது. பிரச்சினைகள் இவை:

1. சுவிட்ச் போட்டதும் 33-இல் (நிமிடத்துக்கு 33⅓ சுற்று) மந்தமாகச் சுற்றுகிறது. பத்து நிமிடம் போல ஆனபின் வேகம் பிடிக்கிறது. அதற்குப் பிறகும் வயலினின் நீண்ட கார்வைகள் அலைபோல ஏறி இறங்குகின்றன.

2. பாட்டுக்கு அடியில் ஓயாத உறுமல். ஒலியைக் கூட்டினால் ஊஃபர் (பேஸ் ஸ்பீக்கர்) கோன் முன்னும் பின்னும் ஆடுவது கண்ணுக்கே தெரிகிறது.

3. டோன்ஆர்மை (ஊசியைத் தாங்கும் கை) தொட்டால் இடமும் வலமும் சாய்கிறது. அது உட்காரும் இடத்தில் கறுப்பாக, பிசுக்கோடு ஏதோ உதிர்ந்து கிடக்கிறது.

4. பின்னால் 5 பின் டின் பிளக். அதை மாற்றி ஆம்பிளிஃபயரின் ஆக்ஸில் (சாதாரண உள்ளீடு) கொடுத்தால் ஒலி மிகவும் சன்னமாக, பேஸ் இல்லாமல் கேட்கிறது.

கார்ட்ரிட்ஜ் (கையின் நுனியில் ஊசி பொருத்திய பகுதி) பழையது என்பதால் முதலில் அதை மாற்றிவிடலாமா? எல்.பி.யோடு 78 சுற்று அரக்குத் தட்டுகளும் வைத்திருக்கிறேன், இரண்டையும் இதிலேயே போட வேண்டும்.

---

ஐட்லர்_பட்டறை

கார்ட்ரிட்ஜுக்கு இப்போது காசு போடாதீர்கள் சார். கை ஆடுகிற நிலையில் புது ஊசி வைத்தால் ஊசியும் போகும், தட்டும் போகும். இந்த மெஷினில் மெக்கானிக்கல் வேலை முழுதாக முடிந்த பிறகுதான் கார்ட்ரிட்ஜ்.

முதலில் கரன்ட். பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட்டு அடிப்பக்கம் திறவுங்கள். சுவிட்சின் குறுக்கே ஒரு சிறு கெபாசிட்டர் இருக்கும். சுவிட்ச் போடும்போதும் அணைக்கும்போதும் ஸ்பீக்கரில் 'டக்' என்று வராமல் இருக்க வைத்தது. இத்தனை வருடத்தில் அது வெடித்திருக்கும், இல்லை வெடிக்கப்போகிறது. அதன் மேல் எழுதியிருக்கும் அதே மதிப்பில், எக்ஸ்2 வகை, 275 வோல்ட் ஏசி என்று அச்சிட்டதை மட்டும் வாங்கிப் போடுங்கள். டிசி மதிப்பு மட்டும் போட்டிருக்கும் சாதாரண கெபாசிட்டர் அந்த இடத்துக்கு ஆகாது. மெயின்ஸ் கேபிள் விறைத்துப்போயிருந்தால் எர்த்தோடு கூடிய மூன்று வயர் கேபிளாக மாற்றி, எர்த்தை மோட்டார் உடம்புக்கும் மேல்தகட்டுக்கும் கொடுங்கள். மோட்டார் காயில்களின் இணைப்பு 220–240 வோல்ட்டுக்கா, 117 வோல்ட்டுக்கா என்றும் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது மோட்டார். சூடானபின் வேகம் பிடிக்கிறது என்றால் புஷ்களில் (தண்டைத் தாங்கும் வளையங்கள்) எண்ணெய் பசையாகிவிட்டது என்று பொருள். மோட்டாரைக் கழற்றி, மூடிகளில் எது மேல், எது கீழ், எந்தத் திசை என்று மார்க்கரால் கோடு போட்டுவிட்டுப் பிரியுங்கள். புஷ்கள் நுண்துளை வெண்கலம், எண்ணெயைத் தங்களுக்குள் உறிஞ்சி வைத்துக்கொள்பவை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பழைய பிசினை எடுத்து, நன்றாக உலரவிட்டு, டர்பைன் ஆயிலில் ஒரு இரவு மூழ்கவையுங்கள். சர்வோபிரைம் 46 அல்லது 68 போதும். துருநீக்கி ஸ்பிரே மட்டும் வேண்டவே வேண்டாம். அடித்த அன்று அருமையாக ஓடும், பிறகு இருந்த எண்ணெயையும் கழுவிக்கொண்டு போய்விடும், புஷ் தேயும்.

திரும்பப் பூட்டும்போது திருகுகளைச் சிறிது சிறிதாக, எதிரெதிராக இறுக்குங்கள். தண்டை விரலால் சுழற்றிவிட்டால் மெல்ல ஓய்ந்து நிற்க வேண்டும். வெடுக்கென்று நின்றால் புஷ்கள் நேர்கோட்டில் இல்லை. மோட்டார் உடம்பை மரக்கைப்பிடியால் லேசாகத் தட்டினால் அவை தாமாகச் சரியான இடத்தில் உட்காரும். மோட்டார் ஸ்பிரிங்கில் தொங்க வேண்டியது. லாரியில் ஏற்ற இறுக்கிய போக்குவரத்துத் திருகுகளை யாரும் தளர்த்தாமல் விட்டிருந்தால் உறுமலில் பெரும்பங்கு அதிலிருந்துதான் வரும், அதை முதலில் பாருங்கள்.

ஐட்லர் சக்கரம் (மோட்டாரின் சுழற்சியைப் பிளாட்டருக்குக் கடத்தும் ரப்பர் சக்கரம்): லென்கோவில் இது செங்குத்தாக நின்று பிளாட்டரின் அடிப்பரப்பில் உரசிச் சுற்றுகிறது. மோட்டார் தண்டு கூம்பு வடிவம், சக்கரம் அதன் மேல் நகர நகர வேகம் மாறும். ரப்பரை நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்து உடனே மீண்டால் நல்ல ரப்பர். கண்ணாடிபோல் பளபளத்தால் மேல்தோல் இறுகிவிட்டது. அப்படியானால் சக்கரத்தை டிரில்லில் மாட்டி, மிக மெதுவாகச் சுற்றவிட்டு, 400 நம்பர் உப்புத்தாளைத் தட்டையான கட்டையில் ஒட்டி லேசாகத் தொடுங்கள். பளபளப்பு போனதும் நிறுத்திவிட்டு 600-ஆல் முடியுங்கள். அழுத்தினால் சக்கரம் முட்டை வடிவமாகிவிடும், அப்புறம் அதை மீட்கவே முடியாது. ஓரம் வெடித்திருந்தால் மறுரப்பர் போட்டுத் தருபவர்களிடம் கொடுப்பதே வழி. சக்கரத்தின் அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் போதும். ரப்பரிலோ கூம்பிலோ எண்ணெய் படவே கூடாது. கூம்பையும் பிளாட்டரின் அடிப்பரப்பில் சக்கரம் ஓடும் வட்டத்தையும் ஆல்கஹால் நனைத்த துணியால், துணியில் கறுப்பு வராதவரை துடையுங்கள்.

சக்கரத்தைப் பிளாட்டரோடு அழுத்தும் ஸ்பிரிங் பலமாக இழுத்தால் மோட்டார் அதிர்வு அப்படியே மேலே ஏறும். பிளாட்டர் நழுவாமல் சுற்ற எவ்வளவு அழுத்தம் வேண்டுமோ அவ்வளவே போதும்.

நடுப் பேரிங்: அடியில் உள்ள சர்கிளிப்பை (வளையக் கிளிப்) எடுத்து மூடியைக் கழற்றினால் ஒரு எஃகுக் குண்டும், அதைத் தாங்கும் தட்டும், ஓ-ரிங்கும் வரும். கீழே தட்டு வைத்துக்கொண்டு திறவுங்கள், குண்டு உருண்டால் கண்டுபிடிப்பது கஷ்டம். தாங்கும் தட்டில் குழி விழுந்திருந்தால் திருப்பிப் போடுங்கள், மறுபக்கம் புதிதாக இருக்கும். புது ஓ-ரிங், சில சொட்டு ஐஎஸ்ஓ 68 எண்ணெய். கிரீஸ் வைக்காதீர்கள். தையல் மிஷின் எண்ணெய் இவ்வளவு கனமான பிளாட்டருக்கு நீர்த்தது. பிளாட்டர் கிட்டத்தட்ட 4 கிலோ.

---

ஐட்லர்_பட்டறை

கையைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், அது தனி வேலை.

அந்தக் கறுப்புப் பிசுக்கு வி-பிளாக். டோன்ஆர்ம் மேலும் கீழும் அசைவது கத்திமுனை போன்ற ஒரு விளிம்பின் மேல். அந்த விளிம்பு உட்காரும் இரண்டு சிறு ரப்பர் கட்டைகள் காலப்போக்கில் தாரைப்போல இளகிவிடும் அல்லது பொடியாகும். அனேகமாக எல்லா ஜி.எல். 75-க்கும் இதே கதைதான். மாற்றுக் கட்டைகள் நைலானிலும் பித்தளையிலும் கிடைக்கின்றன. நைலான் போதும். லேத் பட்டறையில் செய்துகொள்வதாக இருந்தால் வி-யின் அடிப்பகுதி கூர்மையாகவும் வழவழப்பாகவும் இருக்க வேண்டும், வெட்டுத் தடம் இருந்தால் கை சிறு சிறு படியாகத் தடுக்கும்.

பின் எடையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கத்திமுனையைப் பிடித்திருக்கும் இரு சிறு திருகுகளை எடுங்கள். கையைத் தூக்கும்போது உள்ளே ஓடும் வயர்கள் தலைமுடி அளவுதான். இரண்டு விரல் உயரத்துக்கு மேல் தூக்காதீர்கள், பக்கத்தில் ஒரு புத்தகத்தை வைத்துக் கையை அதன் மேல் சாய்த்துவிடுங்கள். பழைய ரப்பரைப் பல்குத்தும் குச்சியாலும் ஆல்கஹாலாலும் எடுக்க வேண்டும். இரும்பு ஊசியால் சுரண்டினால் கத்திமுனையில் கீறல் விழும். புதிய கட்டைகளை அழுத்தி உட்காரவைத்து, விளிம்பு இரண்டு வி-யிலும் முழு நீளம் படிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பூட்டியபின் சாய்வு சுத்தமாக நின்றிருக்க வேண்டும். பூஜ்ய எடைக்குச் சமன் செய்து, கையின் நுனியை ஊதினால் மிதந்து போக வேண்டும்.

---

கோவை_வயரிங்

நாலாவது கேள்விக்கு நான் சொல்றேன். உங்க மெஷின்ல இருக்கறது மேக்னட் கார்ட்ரிட்ஜ், ஆக்ஸ்ல சன்னமா வர்றதே அதுக்குச் சாட்சி. அது கொடுக்கறது சில மில்லிவோல்ட்தான், ஆக்ஸ் கேக்கறது அதைப்போல நூறு மடங்குக்குக் கிட்ட. அதோட தட்டு வெட்டும்போதே பேஸைக் குறைச்சு டிரெபிளைக் கூட்டித்தான் வெட்டுவாங்க. ஆர்ஐஏஏ ஈக்வலைசேஷன் இருக்கற ஃபோனோ பிரீஆம்ப் வச்சாத்தான் அது நேராகும். உள்ளீடு 47 கிலோ ஓம்னு போட்டிருக்கணும். சின்ன கைப்பெட்டி பிளேயர்கள்ல வர்ற செராமிக் கார்ட்ரிட்ஜ் வேற கதை. அது நூத்துக்கணக்கான மில்லிவோல்ட் கொடுக்கும், அதுக்கு இந்த பிரீஆம்ப் வேண்டாம்.

டின் பிளக்ல 3 இடது, 5 வலது, 2 கிரவுண்ட். நான் சொல்றது, டின்னையே வெட்டிட்டு ரெண்டு ஆர்சிஏ, ஒரு தனி கிரவுண்ட் வயர்னு போட்டுடுங்க. கை வயர் நிறம் வழக்கமா வெள்ளை இடது பாசிடிவ், நீலம் இடது நெகடிவ், சிவப்பு வலது பாசிடிவ், பச்சை வலது நெகடிவ். மல்டிமீட்டர்ல தொடர்ச்சி பாக்கறதுக்கு முன்னாடி கார்ட்ரிட்ஜைக் கழட்டிடுங்க, மீட்டர் கரன்ட் அந்த மெல்லிய காயில்ல போகக்கூடாது.

இடது நெகடிவை மேல்தகட்டோட சேத்து வச்சிருந்தா பிரிச்சுடுங்க. சிக்னல் நாலு வயரும் தனி, கைக்குழாய் கிரவுண்ட் வயர்ல, அது பிரீஆம்ப் திருகுல. மேல்தகட்டுக்கு மெயின்ஸ் எர்த்தே போதும். ரெண்டு வழியா கிரவுண்ட் போச்சுன்னா ஹம் (கரன்ட் ரீங்காரம்) வந்தே தீரும். கேபிளை ஒரு மீட்டருக்குள்ள வச்சுக்கோங்க. நீளமானா கெபாசிடன்ஸ் ஏறி, மேல் ஸ்தாயில ஒரு மேடு வந்து 'ஸ' ஒலியெல்லாம் குத்தும்.

உறுமலா ஹம்மா தெரியலன்னா: தட்டு ஓடிட்டு இருக்கும்போதே சுவர் சுவிட்சை அணைங்க. பிளாட்டர் கனம், கொஞ்ச நேரம் தானா சுத்தும். அந்த நொடியே சத்தம் நின்னா அது மோட்டாரோட அதிர்வு, இல்ல அதோட காந்தப்புலம். வேகம் குறையக் குறைய சத்தமும் சேர்ந்து இறங்கினா சக்கரம் அல்லது பேரிங். சுத்தவே இல்லாதப்பவும் இருந்தா வயரிங்.

---

மதுரை_தட்டு

இருவருக்கும் மிக்க நன்றி. போக்குவரத்துத் திருகு இரண்டும் இறுகியே இருந்தன. மோட்டார், சக்கரம், பேரிங், வி-பிளாக், வயரிங் எல்லாம் முடித்துவிட்டேன். வேகம் உடனே பிடிக்கிறது, பெரும் உறுமல் போய்விட்டது. ஆனால் பாட்டு இல்லாத பள்ளங்களில் மெல்லிய 'டப் டப்' சத்தம் கேட்கிறது. வேகத்தை எப்படித் துல்லியமாக வைப்பது? இருக்கும் மரப்பெட்டி வெறும் கூடு, அதை மாற்றியே ஆக வேண்டுமா?

---

ஐட்லர்_பட்டறை

33⅓-இல் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. 'டப்' அந்த இடைவெளியில் ஒருமுறை வந்தால் தட்டிலோ பிளாட்டரின் அடிவட்டத்திலோ ஏதோ ஒட்டியிருக்கிறது. அதற்குள் பலமுறை வந்தால் ஐட்லரில் தட்டையான இடம் விழுந்திருக்கிறது. லேசானது என்றால் சில மணி நேரம் ஓட்டினாலே அமுங்கிவிடும். ஆழமானது என்றால் மறுரப்பர்தான். இனி ஓடாதபோது சக்கரம் எதிலும் அழுந்தி நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேகத்துக்கு 50 ஹெர்ட்ஸ் ஸ்ட்ரோப் தாள் (பிளாட்டரின் மேல் வைக்கும் கோடு போட்ட வட்டத்தாள், வேகம் சரியானால் விளக்கொளியில் கோடுகள் நிற்பதுபோல் தெரியும்) போதும். 33⅓-க்கு 180 கோடு, 45-க்கு 133, 78-க்கு 77. எல்ஈடி வெளிச்சத்தில் பார்க்காதீர்கள். நல்ல எல்ஈடி பல்புகள் மின்துடிப்புக்கு ஏற்பச் சிமிட்டுவதில்லை. நியான் விளக்கு சிறந்தது, பழைய குண்டு பல்பும் ஆகும். ஊசி தட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போது கோடுகள் நிற்கிறதா என்று பாருங்கள். கோடு மெல்ல நகர்ந்தால் வேக நெம்புகோல் நிற்கும் பள்ளத்தின் கிளிப்பைத் தளர்த்தி இம்மியளவு நகர்த்தி இறுக்க வேண்டும். 60 ஹெர்ட்ஸ் நாட்டு மெஷின் இங்கே மெதுவாக ஓடும் என்ற தொல்லை லென்கோவுக்கு இல்லை. கூம்புத் தண்டில் எந்த வேகத்தையும் பிடிக்கலாம்.

பெட்டியை மாற்றுங்கள் என்பதே என் கருத்து. 18 மி.மீ. மரைன் பிளைவுட் மூன்று அல்லது நான்கு அடுக்கை ஒட்டி, மோட்டாரும் நெம்புகோல்களும் எங்கும் இடிக்காதபடி உள்ளே வெட்டி எடுத்து, மேல்தகட்டைச் சுற்றிலும் அதில் திருகுங்கள்.

---

கோவை_வயரிங்

பெட்டி விஷயத்துல எனக்கு வேற கருத்து. முதல்ல இப்ப இருக்கற பெட்டியையே சுவர் அலமாரியில, இல்ல ஸ்பீக்கர் நிக்காத தனி மேஜையில வச்சுக் கேளுங்க. ஊஃபர் ஆட்டம் அதுலயே பாதி குறையும். அப்புறமும் மனசு ஆறலன்னா மரத்துக்குச் செலவு பண்ணுங்க.

---

அரக்குத்தட்டு

78 தட்டு பற்றி யாரும் சொல்லவில்லை. எல்.பி. ஊசியின் முனை ஆரம் சுமார் 18 மைக்ரான். 78-இன் பள்ளம் அகலம், அதற்கு 65 முதல் 76 மைக்ரான் வரை வேண்டும். சின்ன ஊசி பள்ளத்தின் அடியில் குப்பையின் மேல் தவழும், இரைச்சல்தான் கேட்கும். ஆடியோ டெக்னிகா விஎம்95 வரிசையை வாங்கினால் கார்ட்ரிட்ஜ் உடம்பு ஒன்றே, ஊசிப் பகுதியை மட்டும் உருவி மாற்றலாம். எல்.பி.க்கு விஎம்95ஈ, 2 கிராம் எடை. 78-க்கு விஎம்95எஸ்பி ஊசி, 5 கிராம். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் டிஜிட்டல் தராசில் எடையைச் சரிபாருங்கள். 5 கிராம் எடையில் எல்.பி. ஊசியை இறக்கினால் ஒரே வினாடியில் முடிந்தது. கார்ட்ரிட்ஜைப் பொருத்த 66 மற்றும் 120.9 மி.மீ. புள்ளிகள் உள்ள அளவுத்தாள் பயன்படுத்துங்கள். இரண்டு புள்ளியிலும் கார்ட்ரிட்ஜ் கோட்டுக்கு இணையாக நின்றால் சரி.

அரக்குத் தட்டை ஆல்கஹாலால் துடைக்கவே துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும். வாலை வடிநீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான பிரஷ், பள்ளத்தின் போக்கிலேயே. லேபிள் நனையக்கூடாது. உடனே துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள், நீரில் ஊறினாலும் கெடும். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடித்த தட்டுகளை இரண்டுமுறை கழுவிய பிறகே ஊசியை இறக்குங்கள், பூஞ்சையும் தூசியும் சேர்ந்து ஊசி முனையில் கட்டியாகும்.

கேட்கும்போது ஆம்பிளிஃபயரில் மோனோ பட்டனை அழுத்திவிடுங்கள். பெரும்பாலான 78-களில் இசை பக்கவாட்டில் மட்டுமே வெட்டப்பட்டது, மேல்கீழ் அசைவு முழுக்க இரைச்சல், மோனோவில் அது ரத்தாகும். ஆர்ஐஏஏ வருவதற்கு முந்தைய தட்டுகளுக்கு அந்த வளைவு பொருந்தாது, குரல் மந்தமாக வந்தால் டிரெபிளைத் தயங்காமல் ஏற்றிக்கொள்ளுங்கள். எல்லாத் தட்டும் சரியாக 78-இல் பதிவானவை அல்ல. சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு, பாடகரின் குரலோ நாதஸ்வரமோ இயல்பான கட்டைக்கு வரும்வரை நெம்புகோலை நகர்த்துங்கள், லென்கோவில் அது முடியும்.