எண்ணூர்க் கழியோரம் குதிரை லாயம்: அனுமதி பெறுவது எப்படி?

எர்ணாவூர்வாசி:
கல்யாண ஊர்வலங்களுக்குப் போகும் எங்கள் இரண்டு குதிரைகள் தெருவோரத் தகரக் கொட்டகையில் நிற்கின்றன. மழைக்காலத்தில் தேங்கும் தண்ணீரில் நின்று நின்று குளம்பு அழுகுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கழியை ஒட்டி அப்பா பெயரில் பட்டா நிலம் உள்ளது. அங்கே லாயம் கட்டலாமா?

கழிமுகத்தான்:
ஐயா, பட்டா உரிமைக்குச் சான்றே தவிர, கட்டுவதற்கு அனுமதி ஆகாது. கடலோரக் கட்டுமானங்களை வரையறுக்கும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலக் கட்டுப்பாடு, உயர் ஓதக் கோட்டிலிருந்து (ஓதம் ஏறும்போது நீர் எட்டும் எல்லை) 2011ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி 100 மீட்டர், 2019ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி 50 மீட்டர், கழியின் அகலம் அதைவிடக் குறைவானால் அந்த அகலம் வரை பொருந்தும். மாவட்டத்தின் புதிய கடற்கரை மண்டல வரைபடம் ஒப்புதல் பெற்ற பிறகே 2019 விதி நடைமுறைக்கு வரும் என்பதால், உங்கள் புல எண்ணுக்கு எந்த வரைபடம் செல்லும் என்பதை முதலில் கேளுங்கள்.

மணலி அண்ணன்:
அந்த எல்லைக்கு வெளியே இருந்தாலும், சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் இரண்டாம் முழுமைத் திட்டத்தில் நில உபயோகம் என்னவென்று பார்க்க வேண்டும். சாணமும் மூத்திரமும் கழியில் கலக்காதபடி மூடிய குழியை லாயத்தின் கட்டட வரைபடத்திலேயே காட்டுங்கள். அங்கே இறால் பிடித்துப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள்.

எர்ணாவூர்வாசி:
மிக்க நன்றி, அண்ணா. புல வரைபடத்துடன் திங்கட்கிழமை போகிறேன்.