மாம்பழம் சூடா? கத்திரி வெயிலில் ஒரு வழக்கு

குடமுருட்டிக்காரன்:
கத்திரி தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. பாபநாசம் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். மூன்று நாளில் ஒரு கூடை பங்கனப்பள்ளி காலி. நாலாம் நாள் நீர்க்கடுப்பு, தொடையில் ஒரு கட்டி. "தண்ணியில ஊறப் போடாம தின்னா இப்படித்தான்" என்கிறார் அம்மா. மாம்பழம் நிஜமாகவே சூடா? ஊறப் போட்டால் சூடு இறங்குமா?

திருச்சி லேப் தம்பி:
சூடாவது ஒன்றாவது. போன வருஷம் இதற்காகவே தெர்மாமீட்டரும் கையுமாக உட்கார்ந்தேன். இரண்டு மாம்பழத்துக்கு முன்னால் 98.2, ஒரு மணி நேரம் கழித்து 98.4. இன்னொரு நாள் தர்பூசணி தின்றேன், அன்றைக்கும் அதே கதைதான். உடம்பு வெப்பத்தைக் கவனிப்பது மூளையில் இருக்கும் ஹைப்போதலாமஸ். அது பழக்கடைக்குக் கட்டுப்படாது. கட்டி பெரும்பாலும் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வருவது. வியர்வையும் உராய்வும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம்.

வெண்ணாத்தங்கரை அத்தை:
தம்பி, சூடு என்றால் காய்ச்சல் என்று உங்களுக்கு யார் சொன்னது? ஒருவனுக்குத் தலைக்கனம் என்றால் தராசு எடுத்துக்கொண்டு வருவீர்களா? நீர் சுருக்கென்று போவது, கண் எரிவது, வாய் வெந்து போவது, வயிறு காந்துவது, இதையெல்லாம் சேர்த்துத்தான் நாங்கள் சூடு என்கிறோம். அதை அளக்கத் தெர்மாமீட்டர் எதற்கு?

திருச்சி லேப் தம்பி:
அத்தை, தலைக்கனம் நல்ல அடி, வாங்கிக்கொண்டேன். ஆனால் எல்லா உபாதைக்கும் ஒரே பெயர் வைத்தால் எதற்கு எது காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒன்று கேளுங்கள். மாம்பழத்தில் குளுக்கோஸை விட ஃப்ரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை அதிகம். அதைச் சிறுகுடல் முழுதாக உறிஞ்ச முடியாதவர்களுக்கு மிச்சம் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து, பொருமல், வாயு, சில சமயம் பேதி. சரி, தர்பூசணியிலும் ஃப்ரக்டோஸ்தான் அதிகம்! நீங்கள் சூடு என்பதும் குளிர்ச்சி என்பதும் சேர்ந்து ஒரே வயிற்றைக் கலக்குகின்றன.

வெண்ணாத்தங்கரை அத்தை:
வயிற்றுப் பொருமலை நான் மந்தம் என்பேன், சூடு என்று சொல்லவில்லை. தர்பூசணியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். தின்றால் நீர் தாராளமாகப் பிரியும், கடுப்பு வராது. அதுதான் குளிர்ச்சி. வெள்ளரிப்பழத்தில் நாட்டுச் சர்க்கரை தூவித் தின்பதும் அதற்குத்தான். மாம்பழம் தின்கிறவன் என்ன செய்கிறான்? வயிறு ரொம்பிவிட்டது என்று மோரையும் தள்ளிவிட்டு, தண்ணீரையும் மறந்துவிட்டு, கட்டிலில் சாய்கிறான். கடுப்பு வராமல் என்ன செய்யும்?

திருச்சி லேப் தம்பி:
அப்படியானால் குற்றவாளி தண்ணீர் குடிக்காதது. மாம்பழம் வெறும் சாட்சி. இதைத்தானே நானும் சொல்கிறேன்?

கும்பகோணம் மண்டி:
இரண்டு பேரும் பழத்தின் தோலைப் பார்க்கவே இல்லை. மாவும் முந்திரியும் ஒரே குடும்பம். காம்பிலிருந்து வடியும் பால் பட்டால் சிலருக்கு உதடு வெந்துவிடும், தோல் அரிக்கும். ஊறப் போட்டுக் கழுவினால் அந்தப் பால் போகும், வெயிலில் வந்த பழமும் ஆறும். உள்ளே இருக்கும் சர்க்கரை ஒன்றும் மாறாது. பாட்டிகள் செய்தது சரி, சொன்ன காரணம்தான் வேறு. அப்புறம், கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை. அதில் ஆர்சனிக் என்ற நஞ்சு கலந்திருக்கலாம். பழுக்க வைக்க எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் வரை, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கு வரை, பயன்படுத்தலாம். மேலே மஞ்சள் தகதகக்க, உள்ளே வெளுத்துப் புளிக்கிற பழம் என்றால் நானே என் வீட்டுக்கு எடுத்துப் போக மாட்டேன்.

மன்னார்குடி மாப்பிள்ளை:
பூவன் பழம் தின்றால் சளி பிடிக்கும் என்று மாமியார் ராத்திரியில் கண்ணில் காட்டுவதில்லை. இதுவும் சூடு, குளிர்ச்சி கணக்கா?

திருச்சி லேப் தம்பி:
சளி வைரஸால் வருவது. பூவனை விடுதலை செய்யச் சொல்லுங்கள். ஆனால் காயாக இருக்கும் வாழையில் மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காமலே பெருங்குடலுக்குப் போகும். நன்றாகப் பழுத்தால் அது சர்க்கரையாகிவிடும். அரைப்பழம் தின்று வயிறு உப்புசம் என்றால் அது நம்பக்கூடிய புகார்.

வெண்ணாத்தங்கரை அத்தை:
மாமியாரிடம் வைரஸ் பேசினால் பூவனோடு சோறும் நின்றுவிடும், மாப்பிள்ளை. பகலிலேயே தின்றுவிடுங்கள். குடமுருட்டித் தம்பி, கடுப்போடு காய்ச்சலோ முதுகு வலியோ சேர்ந்தால் மோரை நம்பி உட்கார வேண்டாம், டாக்டரிடம் போங்கள். சர்க்கரை வியாதி இருக்கிறவர்களும் குளிர்ச்சிதானே என்று தர்பூசணியை அளவில்லாமல் வெட்டாதீர்கள்.

குடமுருட்டிக்காரன்:
காய்ச்சல் இல்லை அத்தை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த மூன்று நாளும் காபிதான், தண்ணீர் சரியாகக் குடிக்கவில்லை. நேற்றிலிருந்து மோரும் இளநீருமாக ஓடுகிறது. கடுப்பு போய்விட்டது, கட்டி அப்படியே இருக்கிறது. அம்மா ஆறு பழத்தை அண்டாவில் ஊறப் போட்டிருக்கிறார். தம்பி சொன்னதை அவரிடம் சொன்னேன். "அந்தப் பையனுக்கும் ரெண்டு எடுத்து வை" என்கிறார்.