மோசடி லிங்கை வங்கிக்குச் சொன்னால் அது வேறு வங்கிகளுக்கும் அரசுக்கும் போகுமா?

கல்முனைக் கடைக்காரன்:
கல்முனையில் ஃபோன் கடை வைத்திருக்கிறேன். "உங்கள் பார்சல் நிற்கிறது, முகவரி பிழை, சிறு கட்டணம் கட்டுங்கள்" என்று எஸ்எம்எஸ் வருகிறதே, அதில் என் வாடிக்கையாளர் ஒரு அக்கா கார்ட் நம்பரையும் ஓடிபியையும் கொடுத்துவிட்டார், காசு போய்விட்டது. வங்கிக்குக் கோல் எடுத்தோம். கார்டை நிறுத்தினார்கள், ஆனால் லிங்க் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. பிறகு அக்கரைப்பற்றில் இன்னொருவருக்கு அதே லிங்க், வேறு வங்கி. இவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதே இல்லையா?

மட்டுநகர் ஐடி:
வழி இருக்கிறது தம்பி. நிதித்துறைக்கென்றே ஃபின்சிசர்ட் (FinCSIRT) என்ற கணினிப் பாதுகாப்புக் குழு 2014 இலிருந்து இயங்குகிறது, மத்திய வங்கியும் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான இலங்கை சேர்ட்டும் (CERT) அதன் பின்னால் நிற்கின்றன. ஆனால் கோல் சென்டரில் இருப்பவர் லிங்கைக் கேட்டு எழுதி, வங்கியின் பாதுகாப்புப் பிரிவுக்கு அனுப்பினால்தான் அது அங்கே போய்ச் சேரும். இடறுவது அந்த முதல் படியில்தான். நீங்களே 101 க்கு எடுத்து இலங்கை சேர்ட்டிடமும் சொல்லலாம்.

காத்தான்குடி வாசகி:
வங்கிகள் மறைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஸ்விஃப்ட் (SWIFT) கதையே போதும். நாடுவிட்டு நாடு காசு அனுப்ப வங்கிகள் தங்களுக்குள் செய்தி பரிமாறும் வலையமைப்பு அது, அதில் பொய்ச் செய்தி அனுப்பித்தான் திருடினார்கள். 2015 ஜனவரியில் ஈக்வடோர் வங்கி ஒன்றில் 1.2 கோடி டொலர் போனது, ஸ்விஃப்ட்டுக்கே சொல்லவில்லை. அதே வருடக் கடைசியில் வியட்நாம் வங்கி ஒன்றில் முயன்றார்கள், அதுவும் வெளியே வரவில்லை. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியில் 8.1 கோடி டொலர் போன பிறகுதான் முந்திய இரண்டும் தெரியவந்தன. அந்தக் கொள்ளையில் நம் நாட்டுக்கும் 2 கோடி டொலர் அனுப்பினார்கள், பெறுநர் பெயரில் எழுத்துப்பிழை இருந்ததால் பிடிபட்டது! மாறாக, அமெரிக்காவில் கார்ட் கொடுப்பனவுகளைக் கையாளும் ஹார்ட்லேண்ட் நிறுவனம், தன்னைத் தாக்கிய மால்வேரின் (கெடுதல் மென்பொருளின்) மாதிரியையே 2009 இல் போட்டி நிறுவனங்களுக்குக் கொடுத்தது.

மட்டுநகர் ஐடி:
சரியாகச் சொன்னீர்கள் தங்கச்சி. வங்கிகள் பயப்படுவது பெயர் கெட்டுவிடும் என்று. ஆனால் பகிரவேண்டியது வாடிக்கையாளர் பெயரோ வங்கியின் பெயரோ இல்லையே, லிங்க், அனுப்பிய நம்பர், காசு போய்ச் சேர்ந்த கணக்கு, இவ்வளவுதான். அதுவும் அன்றைக்கே போகவேண்டும், ஏனென்றால் அந்தக் கணக்கிலிருந்து காசை உடனே எடுத்துவிடுவார்கள். அப்புறம், அரசுப் பக்கமிருந்தும் தகவல் திரும்பி வரவேண்டும். கொடுத்துக்கொண்டே இருந்து ஒன்றும் வராவிட்டால் எந்த வங்கி தொடர்ந்து கொடுக்கும்?

கல்முனைக் கடைக்காரன்:
நன்றி அண்ணன். அக்காவின் ஃபோனில் எஸ்எம்எஸ் இன்னும் அழிக்காமல் இருக்கிறது. லிங்கையும் நம்பரையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து 101 க்குச் சொல்கிறேன். அக்கரைப்பற்றுக்காரரிடமும் அழிக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.