சென்சார் ஒன்று காட்ட, மெஷினில் வேறு நடந்த அனுபவம் உண்டா?

வண்டிப்பெரியாறு, தேயிலை ஃபேக்டரி மெயின்டனன்ஸ்:

எங்கள் டிரையரில் நடந்ததைச் சொல்கிறேன். தூள் சரியாகக் காயவில்லை என்று டீ மேக்கர் சொல்லிக்கொண்டே இருந்தார். டிரையரை விட்டு வரும் தூளில் ஈரம் 3 சதவீதத்தை ஒட்டி நிற்க வேண்டும். கையில் அள்ளி நசுக்கினாலே அவருக்குத் தெரிந்துவிடும். கண்ட்ரோல் பேனலிலோ டிரையருக்குள் போகும் காற்றின் சூடு செட் பண்ணிய இடத்திலேயே நின்றது. ஆபீஸில் எல்லோரும் பேனலை நம்பினார்கள். நான் டீ மேக்கரை நம்பினேன்.

அங்கே சூடு அளக்கும் சென்சார் பிடி-100. உள்ளே பிளாட்டினம், அதன் மின்தடை 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம். டிகிரிக்கு 0.385 ஓம் வாக்கில் கூடும். பேனலுக்குச் சூடு தெரியாது, ஓம்தான் தெரியும். மற்றதெல்லாம் அது போடும் கணக்கு. சரி என்று சென்சாரைக் கழற்றி, நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் முக்கினேன். பேனல் 5 காட்டியது! கொதிநீரில் சோதிப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: எங்கள் மலை உயரத்தில் தண்ணீர் 97 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். ஐஸ்தான் நம்பகமானது.

ஐஸில் இருக்கும்போதே சென்சார் முனையில் மீட்டர் வைத்தால் சரியாக 100 ஓம். அப்போ குற்றம் ஒயரில். எலி கடித்த பழைய ஒயரை மாற்றியவர்கள் மூன்று கோருக்கு (உள்கம்பிக்கு) பதில் இரண்டு கோர் இழுத்து, பேனலில் மூன்றாவது டெர்மினலைப் பக்கத்து டெர்மினலோடு சின்ன ஒயரால் இணைத்து லூப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். 30 மீட்டர் தூரம், போக வர 60 மீட்டர். அரை ஸ்கொயர் எம்எம் செம்புக்கு அதுவே 2 ஓமுக்குக் கொஞ்சம் மேல். அந்த 2 ஓம்தான் 5 டிகிரி. உள்ளே காற்று 5 டிகிரி குறைவாகவே ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது ஒயர் இருந்தால்தான் பேனல் ஒயரின் ஓமைத் தனியாக அளந்து கழிக்கும். மூன்று கோர் போட்டோம், ஐஸில் 0 வந்தது, தூளும் காய்ந்தது. சூடு கண்ட்ரோல் வைத்திருக்கும் எல்லோரும் ஒருமுறையாவது பேனலைத் திறந்து அந்த லூப் இருக்கிறதா என்று பாருங்கள்.

கொழிஞ்சாம்பாறை, வேலை கஞ்சிக்கோட்டில்:

அண்ணா, எங்களுக்குப் பிராக்ஸிமிட்டி, உலோகம் கிட்டே வந்தால் தொடாமலே உணரும் இண்டக்டிவ் சென்சார். கன்வேயர் ஷாஃப்டில் ஒரு இரும்புத் துண்டு. சுற்றுக்கு ஒருமுறை அதைப் பார்த்து எண்ண வேண்டும். துண்டு உடைந்தபோது யாரோ அலுமினியத்தில் அதே அளவு வெட்டி மாட்டிவிட்டார்கள். அப்புறம் ஷாஃப்ட் கொஞ்சம் அதிர்ந்தாலே எண்ணிக்கை விட்டுப்போகும். சென்சாரை மாற்றியும் தீரவில்லை. இண்டக்டிவ் சென்சாரில் எழுதியிருக்கும் உணரும் தூரம் மைல்டு ஸ்டீலுக்கு உரியது. அலுமினியத்துக்குப் பாதிகூட வராது. மறுபடி இரும்பு போட்டதும் சரியாகிவிட்டது.

நகரி, விசைத்தறி:

எங்களிடம் கரண்டே வேண்டாத சென்சார் இருக்கிறது, வெஃப்ட் ஃபோர்க். சின்ன முள் கரண்டிதான். ஊடையை அடித்துச் சேர்க்கும் பலகை முன்னால் வரும்போது குறுக்கே ஊடை நூல் இருந்தால் அது முள்ளைத் தள்ளிச் சாய்த்துவிடும், தறி ஓடும். நூல் அறுந்திருந்தால் முள் எதிரே உள்ள கம்பிச் சட்டத்தின் இடைவெளியில் தடையில்லாமல் நுழையும், சாயாது. சாயாத முள்ளின் வால் கொக்கியைச் சுத்தியல் என்ற நெம்புகோல் பிடித்து இழுக்கும், தறி நின்றுவிடும். இதைக் கண்டுபிடித்தவர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம், அவ்வளவு அழகான வேலை.

ஒரு தறி மட்டும் ஊடை அறுந்தும் நிற்காமல் ஓடியது. ஸ்பிரிங், கொக்கி, சுத்தியல் எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை. கடைசியில் அந்தக் கம்பிச் சட்டத்தின் இடைவெளியில் பஞ்சு அடைத்து இறுகியிருந்தது தெரிந்தது. முள் பஞ்சில் இடித்துச் சாய்ந்தது. நூல் இருப்பதாகத் தறி எடுத்துக்கொண்டது. இப்போது ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் அந்த இடத்தைப் பிரஷ் போட்டுத் தட்டிவிடுகிறோம்.