சர்வருக்கு இரண்டாவது பூட்டு: கீ, கோடு போதும், பாஸ்வேர்டும் ஏன் கேட்கிறது?

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தின் உபுண்டு சர்வருக்குள் நான்கு பேர் வீட்டிலிருந்து எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக இணையும் முறை) வழியாக நுழைகிறோம். வாடிக்கையாளர்களின் வரிக் கணக்கு முழுவதும் அதில்தான் இருக்கிறது. போன வாரம் லாக் ஃபைலைத் திறந்தால், யாரோ ராத்திரி முழுக்க பாஸ்வேர்டை ஊகித்துப் பார்த்திருக்கிறார்கள். அன்றைக்கே தூக்கம் போய்விட்டது.

உடனே, ஃபோன் ஆப் காட்டும் கோடையும் லாகினின்போது கேட்கும்படி, கூகுள் ஆதென்டிகேட்டரின் பேம் மாட்யூலை நிறுவினேன் (பேம் என்பது சர்வரில் லாகினைச் சரிபார்க்கும் பகுதி). முதலில் ஆறு இலக்கக் கோடு ஒன்றுகூட ஏற்கவில்லை. சர்வர் கடிகாரம் சில நிமிடங்கள் பின்தங்கியிருந்தது. கோடு 30 விநாடிக்கு ஒருமுறை மாறுவதால் நேரம் பிசகினால் எதுவும் பொருந்தாது. நேரத்தை இணையத்தோடு ஒத்திசைத்ததும் சரியாகிவிட்டது.

இப்போது சிக்கல் இதுதான். கீ (என் கணினியில் இருக்கும் ரகசியச் சாவி ஃபைல்) கொடுத்த பிறகு பாஸ்வேர்டையும் கேட்டு, அப்புறம்தான் கோடு கேட்கிறது. எனக்குக் கீயும் கோடும் மட்டும் போதும். எஸ்எஸ்ஹெச்சுக்கான பேம் ஃபைலில் பாஸ்வேர்டைக் கேட்க வைக்கும் 'காமன் ஆத்' வரியின் முன்னால் # போட்டு அதைச் செயலிழக்க வைத்தால் போதும் என்கிறார் ஒரு நண்பர். அப்படிச் செய்தால் சர்வர் முன்னால் உட்கார்ந்து நேரடியாக லாகின் செய்வது பாதிக்கப்படுமா?

இன்னொன்று, இரவு 2 மணிக்கு ஆர்சிங்க் (ஃபைல்களை நகலெடுக்கும் கருவி) வழியாகத் தானாக ஓடும் பேக்கப். அதற்குக் கோடு போட ஆளில்லை. அந்த ஒரு யூசருக்கு மட்டும் விலக்கு கொடுப்பது பாதுகாப்பானதா, எப்படிச் செய்வது?

ஏற்கெனவே லாகின் ஆன ஒரு விண்டோவை மூடாமல் வைத்துக்கொண்டுதான் எதையும் மாற்றுகிறேன். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.