பைஜாமா படமும் அந்த மின்வேலியும்

பழைய டாக்கீஸ்: யூத இனப்படுகொலையைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க 'தி பாய் இன் தி ஸ்ட்ரைப்டு பைஜாமாஸ்' படத்தைவிடச் சிறந்தது வேறில்லை என்று மேகலை நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. முகாம் தளபதியின் எட்டு வயது மகன் வேலிக்கு இந்தப் பக்கமும் ஒரு யூதச் சிறுவன் அந்தப் பக்கமும் உட்கார்ந்து கட்டம் வைத்து விளையாடுகிறார்களாம். நாஜிகள் போலந்தில் நடத்திய கொலைமுகாமான அவுஷ்விட்ஸின் வேலியில் மின்சாரம் பாய்ந்தது. காவல் கோபுரங்கள் அதைக் கண்காணித்தன. அதன் அடியில் மண்ணைத் தோண்டி ஒரு சிறுவன் நுழைந்துவிடலாம் என்று காட்டினால், உள்ளே இருந்தவர்கள் ஏன் அவ்வழியே தப்பவில்லை என்றுதானே பிள்ளைகள் கேட்பார்கள்?

மேகலை: நான் வகுப்பறையில் நிற்பவள். கடைசிக் காட்சியில் நச்சுவாயு அறையின் மூடிய கதவும், வெளியே தொங்கும் கோடுபோட்ட உடைகளும் மட்டும் திரையில் இருந்தபோது, என் மாணவர்களில் ஒருவர்கூட இடத்தைவிட்டு எழவில்லை. மூல நாவல் தன்னை நீதிக்கதை என்றே சொல்லிக்கொள்கிறது. நீங்கள் வேலியைத் தாண்டி எதையும் பார்க்கவில்லை, ஐயா.

பழைய டாக்கீஸ்: வேலிதான் கதையே, அம்மா. இந்த வரலாற்றைப் படிப்பவர்களும் கற்பிப்பவர்களும் அந்த நாவலைத் தவிர்க்க வேண்டும் என்று அவுஷ்விட்ஸ் நினைவகமே 2020இல் சொல்லிவிட்டது. அங்கு கொண்டுவரப்பட்ட யூதப் பிள்ளைகள் ஏறத்தாழ 2,16,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் ரயிலிலிருந்து இறங்கிய அன்றே நச்சுவாயு அறைக்கு அனுப்பப்பட்டார்கள். வேலியோரம் உட்கார்ந்து விளையாட அவர்களுக்கு ஒரு மாலைப்பொழுதுகூடக் கிடைக்கவில்லை.

மேகலை: 'பெரும்பாலோர்' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 1943 செப்டம்பரில் தெரேசியன்ஸ்டாட் என்ற யூதர் அடைப்பிடத்திலிருந்து வந்த குடும்பங்கள் அவுஷ்விட்ஸின் ஒரு பகுதியான பிர்கெனாவில் பிள்ளைகளோடுதான் வைக்கப்பட்டன. 1945 ஜனவரி 27 அன்று சோவியத் படை நுழைந்தபோதும் அங்கே நூற்றுக்கணக்கான பிள்ளைகள் உயிரோடு இருந்தார்கள். வேலிக்குள் ஒரு சிறுவன் இருந்தான் என்பது பொய்யன்று.

கரிசல்: இருவரும் பிரெஞ்சு இயக்குநர் லூயி மாலின் 'ஓ ருவுவா லெ ஸான்ஃபான்' படத்தை மறந்துவிட்டீர்கள். 1944 ஜனவரியில் தம் பள்ளியில் நடந்ததை வைத்து மால் 1987இல் எடுத்த படம் அது. மறைந்திருக்கும் யூத மாணவன் யார் என்று நாஜி ரகசியக் காவல்படையான கெஸ்டாப்போவின் அதிகாரி வகுப்பில் கேட்கும்போது, நண்பன் தன்னையறியாமல் ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிடுகிறான். அந்த ஒரு பார்வை போதும், வேலியே வேண்டாம்.

பழைய டாக்கீஸ்: மாலின் படத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் போன மாதம் 'லைஃப் இஸ் பியூட்டிஃபுல்' படத்தைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியவர் நீங்கள்தானே? முகாமில் மகனை ஒளித்துவைத்து எல்லாம் விளையாட்டு என்று தகப்பன் நம்பவைப்பதும், வேலிக்கடியில் தோண்டிய அந்தப் பள்ளமும் எனக்கு ஒன்றுதான்.

கரிசல்: இரண்டும் ஒன்றல்ல. 'லைஃப் இஸ் பியூட்டிஃபுல்' படத்தை இயக்கி, அந்தத் தகப்பனாக நடித்த பெனினியின் தந்தை ஜெர்மன் முகாமில் அடைபட்டு மீண்டவர். போன மாதம் அதைச் சொன்னபோதும் நீங்கள் பதில் எழுதவில்லை.

மேகலை: என் கேள்விக்கும் பதில் வரவில்லை. அந்தக் குடும்ப முகாமில் பிள்ளைகள் இருந்தார்களா, இல்லையா?

பழைய டாக்கீஸ்: இருந்தார்கள். அந்த செப்டம்பரில் வந்தவர்களில் உயிரோடிருந்த ஏறக்குறைய அனைவரையும் ஆறு மாதம் கழித்து, 1944 மார்ச்சில் ஒரே இரவில் கொன்றார்கள். அந்த முகாமைச் சுற்றியும் மின்வேலிதான் இருந்தது. அதன் அடியில் யாரும் பள்ளம் தோண்டவில்லை.