ஃபேட்டி லிவருக்கு என்ன சொல்? வெள்ளிக்குள் வேண்டும்

வணக்கம் நண்பர்களே,

எடைக்குறைப்பு அறுவை செய்துகொள்பவர்களுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே பத்தியில் சிக்கி நிற்கிறேன்: இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்தால் அங்கே சுரக்கும் பசி ஹார்மோனான கிரெலின் குறைந்து பசி அடங்குகிறது, உணவு சிறுகுடலின் கீழ்ப்பகுதிக்குச் சீக்கிரம் போய்ச் சேர்வதால் வயிறு நிறைந்ததை உணர்த்தும் ஹார்மோன் ஜிஎல்பி-1 ஏறுகிறது, எடை இறங்க இறங்க உடற்கொழுப்பு சுரக்கும் ஹார்மோன் லெப்டினும் இறங்குகிறது, கல்லீரலில் சேர்ந்த கொழுப்பும் கரைகிறது. ஹார்மோனுக்கு இயக்குநீர் என்று போட்டுவிட்டேன். ஃபேட்டி லிவர்தான் உதைக்கிறது. "கொழுத்த கல்லீரல்" என்று எழுதினால் யாரையோ திட்டுவது போல் இருக்கிறது.

மறு:
கொழு + ஈரல், வகர உடம்படுமெய் பெற்றுக் கொழுவீரல். ஒரே சொல், கச்சிதம். பெயரெச்சமெல்லாம் எதற்கு?

மறு:
ஐயா, கொழு என்றால் ஏர்முனை. நோயாளி ஈரலில் உழவு நடக்கிறதா என்று கேட்பார். போகிறபோக்கில் ஒன்று: கொழுநன், கொழுந்தன், கொழுகொம்பு மூன்றுக்கும் பற்றுதல் என்ற பொருளில் ஒரே வேர் என்பது என் நெடுநாள் ஊகம், கொழுப்புகூட ஒட்டிப் பற்றுவதுதானே? தனி இழையில் விரிவாக எழுதுகிறேன்.

மறு:
தனி இழையிலேயே எழுதுங்கள், தயவுசெய்து.

மருத்துவராகச் சில வார்த்தைகள். ஆங்கிலத்திலேயே இந்தப் பெயர் 2023இல் மாறிவிட்டது. பழைய பெயரிலிருந்த "மதுசாராத", "கொழுப்பு" இரண்டும் நோயாளியைக் குத்துகின்றன என்று தூக்கிவிட்டு, வளர்சிதைமாற்றக் கோளாற்றோடு சேர்த்து, "ஸ்டியேட்டோட்டிக்" ஈரல் நோய் என்று புதுப்பெயர் வைத்தார்கள். தமிழில் குத்து இன்னும் அதிகம், "உனக்குக் கொழுப்பு" என்றால் என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் ஈரலுக்கு அடைமொழி வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள்: கல்லீரல் கொழுப்பேற்றம். அப்புறம், "கரைகிறது" வேண்டாம், "குறைகிறது" போதும். கொழுப்பு குறைவது வேறு, ஈரலில் ஏற்கெனவே விழுந்த தழும்பு ஆறுவது வேறு. அது மெதுவாக நடக்கும், சிலருக்கு நடக்காமலும் போகும். எடை மளமளவென்று இறங்கும்போது ஈரல் அழற்சி கொஞ்சகாலம் கூடுவதும் உண்டு.

மறு:
புதுப்பெயரில் கொழுப்பைத் தூக்கிவிட்டார்களா? அங்கே வந்து உட்கார்ந்திருக்கும் "ஸ்டியேட்டோ" கிரேக்கத்தில் கொழுப்பேதான். யாருக்கும் புரியாததால் யாருக்கும் வலிக்கவில்லை, அவ்வளவே. அதே வேலையைச் செய்யத் தமிழில் நிணம் இருக்கிறதே, சங்கப் பாட்டிலேயே ஊனோடு சேர்ந்து வரும் சொல், வசவாக யாரும் வீசியதில்லை. நிணவீரல் என்று வையுங்கள்.

மறு:
நிணநீர் என்பது பள்ளிப் பாடத்திலேயே நிலைத்துவிட்டது, லிம்ஃபுக்கு. நிணவீரல் என்றால் நிணநீர்க் கணு ஈரலில் வீங்கியதாக நினைப்பார்கள்.

மறு:
அப்படியானால் மாற்ற வேண்டியது நிணநீரை. லிம்ஃபின் மூலச்சொல்லுக்கு லத்தீனில் பொருள் தெளிந்த நீர், அதில் நிணத்தைக் கொண்டுவந்து சேர்த்தது யார்? முன்னோர் செய்த குளறுபடிக்கு நாம் காவலா?

மறு:
வெள்ளிக்குள் லிம்ஃபை மாற்ற முடியாது. எனக்கு இயக்குநீர் மேலேயே ஒரு புகார் இருக்கிறது. பிழைதிருத்தி அதை "இயக்குநர்" ஆக்கிவிடும், "இயக்குநர் அளவு குறைகிறது" என்று அச்சாகி வந்தால் சிரிப்பார்கள். 1905இல் ஆங்கிலேய உடலியங்கியலாளர் ஸ்டார்லிங் "தூண்டிவிடு" என்ற பொருளுள்ள கிரேக்க வினையிலிருந்துதான் ஹார்மோனை எடுத்தார், எனவே இயக்குதல் சரி, நீர்தான் ஒட்டவில்லை. லெப்டின் தண்ணீரா, புரதம். பேசாமல் ஹார்மோன் என்றே எழுதுங்கள், எல்லோருக்கும் தெரியும்.

மறு:
உமிழ்நீர் வெறும் தண்ணீரா ஐயா? சுரப்பதெல்லாம் நீர்தான் தமிழுக்கு. ஹார்மோனை விட்டுக்கொடுத்தால் நாளைக்கு ஈரலையும் லிவர் என்பீர்கள்.

மறு:
அனைவருக்கும் நன்றி. தலைப்பில் "கல்லீரல் கொழுப்பேற்றம்", முதல் இடத்தில் மட்டும் "ஃபேட்டி லிவர் எனப்படும்" என்ற முன்னொட்டு, ஏனென்றால் ஸ்கேன் அறிக்கையில் அவர்கள் பார்ப்பது அதைத்தான். ஹார்மோன் ஹார்மோனாகவே போகிறது, "கரைகிறது" திருத்திவிட்டேன்.

மறு:
என் மறுப்பைப் பதிவுசெய்துகொள்ளுங்கள். நிணவீரல். இரண்டாம் பதிப்புக்கு வருவேன்.